இட் இஸ் ரெய்னிங்: எது பெய்யுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த இங்கிலீஷ் கத்துக்கிற பகுதியைப் பத்திதான் இந்த லெட்டர். நீளமா போயிடும்னு இப்பவே தெரியுது, வெட்டணும்னா நடுவுல எங்கயாவது வெட்டிக்கோங்க, கடைசிய மட்டும் வெட்டிடாதீங்க.

அதுல ரெண்டு விஷயம் போட்டிருந்தீங்க. இட்-ன்னா அது, அவ்ளோதான், மனப்பாடம் பண்ணிக்கோங்கன்னு ஒண்ணு. இன்னொண்ணு, இங்கிலீஷ் ஒழுங்கான மொழி, எழுவாய் இல்லாம அதுல வாக்கியமே கிடையாது, தமிழ்ல நாமதான் சோம்பேறித்தனமா எழுவாயை முழுங்கிட்டுப் பேசறோம், அந்தப் பழக்கம் போனாத்தான் இங்கிலீஷ் நாக்குல வரும்னு. மொதல் விஷயத்துக்கு சிரிப்பு வந்துச்சு. ரெண்டாவதுக்கு காப்பி ஆறிப்போற அளவுக்கு கோவம் வந்துச்சு.

நான் ஒண்ணும் பெரிய படிப்பு படிச்சவ இல்ல, பி.காம். அல்சூர்ல சோமேஸ்வரர் கோயில் பக்கம் ஒரு சந்துல, வீட்டு ஹால்ல பாய் விரிச்சுப் போட்டு 22 வருஷமா டியூஷன் எடுக்கறேன். வர்ற புள்ளைங்களுக்கு வீட்டுல தமிழ், தெருவுல கன்னடம், ஸ்கூல்ல இங்கிலீஷ், டிவியில ஹிந்தி, நாலும் ஒரே வாயில இருக்கும், சண்டை வந்தா மட்டும் எது முந்திக்கிட்டு வரும்னு சொல்ல முடியாது. இதுங்க கூட மாரடிக்கிறதாலதான் உங்க பகுதியைப் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல.

ஒரு ஆறாங்கிளாஸ் பையன். கட்டுரை நோட்டுல ரெய்ன் இஸ் கமிங்னு எழுதியிருந்தான். ஸ்கூல்ல செவப்பு மையில சுழிச்சு, இட் இஸ் ரெய்னிங்னு பத்து தடவை எழுதச் சொல்லி அனுப்பிட்டாங்க. அவன் எழுதினது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பெங்களூர்க்காரங்களுக்கு சொல்லவே வேணாம், மழை வருது, மளெ பர்தா இதெ, அப்படியே தூக்கி இங்கிலீஷ்ல வெச்சுட்டான். பத்து தடவையும் எழுதி முடிச்சுட்டு பென்சிலைக் கடிச்சுக்கிட்டே கேட்டான், "மிஸ், இட்-ன்னா அது. சரி. எது மிஸ்? எது பெய்யுது?"

மேகம்டான்னேன். "அப்போ கிளவுட் இஸ் ரெய்னிங்னு எழுதலாமா மிஸ்?" இல்லடா. "வானமா?" இல்ல. "மழையா?" மழை எப்படிடா மழையா பெய்யும். நாலு பசங்களும் சிரிச்சதுங்க, எனக்குத்தான் சிரிப்பு வரல, ஏன்னா 22 வருஷமா இந்த வாக்கியத்தை சொல்லிக் குடுத்திருக்கேன், ஒரு நாள் கூட இட் யாருன்னு யோசிச்சதில்ல.

அந்த நேரம் பார்த்து என் அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருந்தா. டெல்லியில மொழியியல் படிச்சவ. சமையல்கட்டுல இருந்து எட்டிப் பார்த்து, "சித்தி, அவன் கேட்டது சாதாரண கேள்வி இல்ல, இதுக்கு 40 வருஷமா ஆளாளுக்கு அடிச்சுக்கறாங்க"ன்னா. ராத்திரி பூரா அவளை விடல நான். அவ சொன்னதையும் அதுக்கப்புறம் எனக்கா தோணினதையும்தான் எழுதறேன், தப்பு இருந்தா என்னைத் திட்டுங்க, அவளை இல்ல.

மொதல்ல இட். தீபாவளிக்கு முந்தின நாள் மெஜஸ்டிக்ல வேலூர் பஸ் வந்து நிக்கும்போது பார்த்திருப்பீங்க, பஸ் நிக்கறதுக்குள்ள ஜன்னல் வழியா கர்ச்சீப்பைப் போட்டு சீட் பிடிப்பாங்க. கர்ச்சீப் ஊருக்குப் போறதில்ல, அதுக்கு டிக்கெட்டும் கிடையாது, ஆனா சீட் காலி இல்ல. இட் இஸ் ரெய்னிங்ல இருக்கிற இட் அந்தக் கர்ச்சீப்தான். அதுக்கு அர்த்தம் கிடையாது. அது வேணாம்னு தட் இஸ் ரெய்னிங்னு மாத்திப் பாருங்க, உளறல் ஆயிடும். நெஜமாவே ஒரு பொருளைக் குறிக்கிற இட்டா இருந்தா தட்-ன்னு மாத்தலாமே, இட் இஸ் மை பேக், தட் இஸ் மை பேக், ரெண்டும் ஓடும். வாட் இஸ் ரெய்னிங்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல, அந்தப் பையன் கேட்டது அதைத்தான். இதனாலதான் இட்-ன்னா அதுன்னு அச்சுல போடாதீங்கன்னு சொல்றேன், அது பெய்யுதுன்னு தமிழ்ல யாராவது சொல்வாங்களா?

அந்தக் காலத்து கிரேக்கர்கள் இதுக்கு ஒரு வழி வெச்சிருந்தாங்களாம், ஸியூஸ் பெய்கிறார்னு சாமியையே எழுவாயா உக்கார வெச்சுடுவாங்க. சமஸ்கிருதத்துலயும் தேவோ வர்ஷதின்னு உண்டு. இங்கிலீஷ்காரனுக்கு சாமியும் வேணாம் மேகமும் வேணாம், ஆனா சீட்டை காலியா விட மனசு வரல.

ஏன் மனசு வரலைங்கறதுதான் கேள்வி. அமெரிக்க மொழியியல் அறிஞர் நோம் சாம்ஸ்கி 1957-ல எழுதின சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ் புத்தகத்துல மொதல் விதியே வாக்கியம்னா ஒரு பெயர்த்தொடரும் ஒரு வினைத்தொடரும்னுதான் இருக்கும், அதாவது எழுவாய் சீட் விதியிலயே எழுதி வெச்சாச்சு, ஏன்னு கேள்வியே எழல. அப்புறம் அந்த மாதிரி விதிங்களையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, ஒவ்வொரு வினையும் தனக்கு யார் யார் வேணும்னு தானே சொல்லிக்கட்டும்னு மாத்தினாங்க. புட்-ன்னு ஒரு வினை, அதுக்கு வைக்கிறவர் வேணும், வைக்கிற பொருள் வேணும், எடம் வேணும், மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் வாக்கியம் நொண்டும். வினை கேட்டதை எந்தக் கட்டத்துலயும் குடுத்தே ஆகணும், இதுக்குப் பேரு புரொஜெக்ஷன் பிரின்சிபிள். நியாயமா இருக்கு. ஆனா ரெய்ன்ங்கற வினை யாரையும் கேக்கல. சீம், அதாவது தோணுதுங்கற வினையும் எழுவாய் கேக்கல. கேக்காமலே இங்கிலீஷ்ல அந்த எடத்துல ஒண்ணு உக்காரணும்னு இருக்கே, இதுக்கு என்ன பண்றது? 1981 புத்தகத்துல சாம்ஸ்கி அதையும் தனியா ஒரு நிபந்தனையா சேர்த்துட்டார், 1982-ல அதுக்கு எக்ஸ்டெண்டட் புரொஜெக்ஷன் பிரின்சிபிள்னு பேரும் வந்துடுச்சு, சுருக்கமா இபிபி. எக்ஸ்டெண்டட்னா நம்ம பாஷையில ஒட்டுப்போட்டதுன்னு வெச்சுக்கோங்க. ஒட்டு அன்னிக்கே தெரிஞ்சுது, இன்னிக்கும் தெரியுது.

சீம் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இது நம்ம ஊர் சமாச்சாரம். இட் சீம்ஸ் தட் ரவி இஸ் இல், இப்படி சொல்லலாம், இங்க கர்ச்சீப் இருக்கு. இல்லேன்னா ரவி சீம்ஸ் டு பி இல், கர்ச்சீப் இல்லாததால பின் சீட்டுல இருந்த ரவி எழுந்து முன்னாடி வந்து உக்காந்துட்டான். ரவிக்கு உடம்பு சரியில்லைங்கறதுதான் சேதி, சீம் பண்றது அவன் இல்ல, ஆனா முன் சீட் காலியா கிடந்தா யாராவது வந்து உக்காந்தே ஆகணும். பெங்களூர்ல நாம இதை என்ன பண்றோம்? ஹீ இஸ் நாட் கமிங் இட் சீம்ஸ். கடைசில போய் ஒட்டறோம். வெளியூர்லேர்ந்து வந்தவங்க இதைக் கேட்டுட்டு சிரிப்பாங்க, ஆனா அது வரமாட்டானாம்-ல இருக்கிற ஆம், கன்னடத்துல இருக்கிற அந்தெ, அதேதான். இட், சீம்ஸ், தட்-ன்னு மூணு வார்த்தையில அவன் செய்யற வேலையை நாம வாலுல ஒரு எழுத்து ஒட்டி முடிச்சுடறோம். இதையா சோம்பேறித்தனம்னு சொன்னீங்க?

இன்னொரு கர்ச்சீப் தேர். தேர்னு சொன்னதும் சோமேஸ்வரர் கோயில் தேரான்னு அதே பையன் கேட்டான், அது வேற. தேர் இஸ் எ டாக் இன் த லேன், தேர் ஆர் த்ரீ டாக்ஸ் இன் த லேன். பாருங்க, முன்னாடி உக்காந்திருக்கறது தேர், ஆனா இஸ்ஸா ஆரான்னு முடிவு பண்றது பின்னாடி நிக்கிற நாய். சீட்டுல கர்ச்சீப், கண்டக்டர் டிக்கெட் கிழிக்கறது நின்னுட்டு வர்றவர்கிட்ட. சீட்டுக்கு எழுவாய் தேவைங்கறதும் வினைக்கு எழுவாயோட பொருத்தம் வேணும்ங்கறதும் வேற வேற விஷயமோன்னு சந்தேகம் வர்றது இங்கதான், அக்கா பொண்ணு இந்த எடத்துல பேனாவால ரெண்டு கோடு போட்டா.

இப்போ தமிழுக்கு வர்றேன். வந்தேன்னா யாரு வந்தது? நான். வந்தியா-ன்னா நீ. வந்தாங்கன்னா அவங்க. நம்ம ஸ்கூல் இலக்கணத்துலயே இதுக்குப் பேர் இருக்கு, தோன்றா எழுவாய், எட்டாங்கிளாஸ்ல எல்லாரும் படிச்சு மறந்ததுதான். காணாமப் போன எழுவாய்னு பேர் வைக்கல பாருங்க, தோன்றாத எழுவாய்னு வெச்சாங்க, இருக்கு, கண்ணுக்குத் தெரியல. சாம்ஸ்கி ஆளுங்க 1980-கள்ல இதையேதான் புரோன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க, சத்தம் வராத ஒரு பிரதிப்பெயர், சீட்டுல உக்காந்திருக்கு, ஆனா பேசாது. சீட் ரூல் தமிழ்லயும் உடையலைன்னு அவங்க கணக்கு. எனக்கு இதுக்கு கர்ச்சீப்பை விட ரிசர்வேஷன் சார்ட்தான் ஞாபகம் வருது. பொட்டி கதவுல பேர் ஒட்டியிருந்தா கர்ச்சீப் எதுக்கு? வந்தேன்ல ஏன், வந்தான்ல ஆன், சார்ட் வினையோட வாலுலயே ஒட்டியிருக்கு. இங்கிலீஷ்ல கேம்னு சொன்னா நானா நீயா அவனா அவங்களா ஒண்ணும் தெரியாது, எல்லாத்துக்கும் அதே கேம். சார்ட் கிழிஞ்சு போன ரயில்ல ஆளை உக்கார வெச்சுத்தானே ஆகணும்.

இத்தாலியிலயும் ஸ்பெயின்லயும் நம்ம கதைதான். இத்தாலியன்ல மழை பெய்யுதுங்கறதுக்கு பியோவே, ஒத்தை வார்த்தை, இட் கிட் எதுவும் கிடையாது. பக்கத்துல பிரான்ஸ்ல இல் ப்ளூ, ஜெர்மன்ல எஸ் ரேக்னெட், அங்க கர்ச்சீப் உண்டு. பிரெஞ்சும் இங்கிலீஷும் ஒரு பக்கம், ஸ்பானிஷ் இன்னொரு பக்கம்னு இந்தப் பிரிவினையை 1971-லயே பெர்ல்மட்டர்ங்கறவர் எழுதிட்டார், அப்புறம் 1982-ல லூயிஜி ரிட்ஸி இத்தாலியனை வெச்சு நல்லா தோண்டினார். வினை வால் கொழுத்த மொழி எழுவாயை விடலாம், வால் மெலிஞ்ச மொழி விடக்கூடாது. இதோட முடிஞ்சிருந்தா நானும் லெட்டரை இங்கயே முடிச்சிருப்பேன்.

எங்க எதிர்வீட்டு மலையாள சேச்சி கெடுத்துட்டாங்க. அவங்க போன்ல பேசறதை தினமும் கேக்கறேன். "வன்னோ?" "வன்னு." யார் வந்தா? ஞான் வன்னு, நீ வன்னு, அவன் வன்னு, அவர் வன்னு, எல்லாத்துக்கும் ஒரே வன்னு! மலையாளத்துல வால் எப்பவோ உதிர்ந்து போச்சு, சார்ட்டே இல்ல, ஆனாலும் எழுவாயை ஜாலியா விட்டுட்டுப் பேசறாங்க. சொந்தக்காரங்க பாஷையே நம்ம தியரியை கவுத்துடுச்சேன்னு நான் புலம்பினப்போ அக்கா பொண்ணு சிரிச்சுட்டு, சைனீஸும் ஜப்பானீஸும் அப்படித்தான் சித்தி, அதுக்கு ஹுவாங் 1984-ல வேற வழி சொன்னார், அங்க ஏற்கெனவே பேசிட்டிருக்கிற விஷயம் எதுவோ அதை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சுக்கறாங்கன்னா. 1989-ல யாக்லியும் சஃபீரும் இன்னொண்ணு சொன்னாங்களாம், எல்லாத்துக்கும் வால் இருக்கணும், இல்லேன்னா எதுக்குமே இருக்கக்கூடாது, அப்போ எழுவாயை விடலாம், இங்கிலீஷ் மாதிரி வாக், வாக்ஸ்-ன்னு அரைகுறையா இருந்தா விட முடியாது. நல்லா இருக்கே, தமிழ் முழு வால், மலையாளம் மொட்டை, இங்கிலீஷ் அரைகுறைன்னு கைதட்டினேன். உடனே தண்ணி ஊத்திட்டா, ஸ்வீடிஷ், டேனிஷ்ல ஆளுக்கேத்த வால் சுத்தமா கிடையாது, மலையாளம் மாதிரியே மொட்டை, ஆனா எழுவாயை விட மாட்டாங்கன்னு.

நடுவுல ஒண்ணு. இங்கிலீஷ்காரங்களும் எழுவாயை விடறாங்க, உங்க பகுதியில சொன்ன மாதிரி வாக்கியமே கிடையாதுன்னு இல்ல. என் பையன் பூனாவுல இருந்து அனுப்பற மெசேஜ், ரீச்ட், வில் கால் லேட்டர். இங்கிலீஷ் டைரி எழுதறவங்களும் இப்படித்தான், லிலியான் ஹேகமன் 1990-ல இதை வெச்சே ஒரு கட்டுரை எழுதியிருக்காங்க. ஆனா வாக்கியத்தோட வாசப்படியில இருக்கிற எழுவாயை மட்டும்தான் விட முடியும், உள்ரூம்ல முடியாது. ஐ திங்க் ரீச்ட்-ன்னு எவனும் எழுத மாட்டான். நாமளோ வந்துட்டேன்னு நெனைக்கிறேன்னு சொல்லுவோம், வாசல்லயும் இல்ல உள்ளயும் இல்ல, ரெண்டு நானும் தோன்றல.

இதைவிட எனக்கு ருசியான எடம் வேற. தோன்றா எழுவாய்னா கேட்டா எடுத்துக் காட்டணும். படிச்சியா-ல நீ இருக்குன்னு காட்டலாம். புழுங்குது-ல? பசங்ககிட்ட கேட்டேன், என்னடா புழுங்குதுன்னு. "நெல்லு மிஸ்"னு ஒருத்தன், அவங்க அப்பா அரிசிக் கடை. சிரிச்சு முடிச்சு எல்லாரும் தேடினோம், ஒண்ணும் கிடைக்கல. குளிருது, இருட்டிடுச்சு, வேர்க்குது, எதுலயும் போட ஒரு எழுவாய் இல்ல. மழையை மட்டும் நாம மழை பெய்யுதுன்னு ஒழுங்கா ஆளோட சொல்றோம், அதுவும் தூறுதுன்னு சுருக்கிட்டா போச்சு. வால்ல மட்டும் அஃறிணை ஒருமை, உது, ஒட்டிக்கிட்டு நிக்குது. அப்போ புழுங்குதுக்கு முன்னாடி சத்தமில்லாத ஒரு கர்ச்சீப் இருக்கா, இல்ல தமிழ்ல அந்த சீட்டே கிடையாதா? அக்கா பொண்ணு, ரெண்டு கட்சியும் இருக்கு சித்தின்னு ஒரே வார்த்தையில தப்பிச்சுட்டா.

எனக்குப் பசிக்குது, இது இன்னும் மோசம். யாருக்கு பசி? எனக்கு. ஆனா நம்ம இலக்கணப்படி எனக்குங்கறது நாலாம் வேற்றுமை, எழுவாய் ஆக முடியாது. கன்னடத்துல நங்கெ, ஹிந்தியில முஜே, எல்லாரும் கு-உருபு மாதிரி ஏதோ ஒண்ணு போட்டுத்தான் பசிக்கறாங்க. ஆனா ஒரு சோதனை சொல்லிக் குடுத்தா, அதை நீங்களும் பண்ணிப் பாருங்க. குமார் ரவிகிட்ட தன் வீட்டைப் பத்திப் பேசினான். யார் வீடு? குமார் வீடு, ரவி வீடு இல்ல. தன்-ங்கற சொல் எழுவாயைத்தான் தேடிப் போய் ஒட்டும். இப்போ, குமாருக்கு தன் வீடு ரொம்பப் பிடிக்கும். தன் யாரு? குமாரு! கு போட்டும் அவன் எழுவாய் சீட்டுலதான் உக்காந்திருக்கான். வேற்றுமை உடுப்பு மாத்திப் போட்டுக்கிட்டு வந்திருக்கான், அவ்ளோதான். இதே விஷயம் ஐஸ்லாண்டு மொழியிலயும் இருக்குன்னு 1985-ல மூணு பேர் சேர்ந்து காட்டினாங்களாம், ஐஸ்லாண்டு எங்க அல்சூர் எங்க.

இங்கிலீஷுக்கே ஒரு காலத்துல இந்தப் பழக்கம் இருந்துச்சு, இது தெரிஞ்சப்போ எனக்கு உங்க மேல இருந்த கோவம் பாதி இறங்கிடுச்சு. மீதிங்க்ஸ்னு ஷேக்ஸ்பியர் காலத்துல ஒரு சொல் கேள்விப்பட்டிருப்பீங்க. நான் நெனைக்கிறேன்னு அதுக்கு அர்த்தம் சொல்லிக் குடுப்பாங்க, ஆனா அது ஐ திங்க் இல்ல, மீ திங்க்ஸ். தோணுதல்ங்கற அர்த்தத்துல பழைய இங்கிலீஷ்ல தனியா ஒரு வினை இருந்துச்சு, அதோட மிச்சம். அப்படியே நம்ம எனக்குத் தோணுது! பசிக்குதுங்கறதையும் அவங்க மீ-ன்னு ஆரம்பிச்சுத்தான் சொல்லியிருக்காங்க, இட்டும் இல்ல ஐயும் இல்ல. அப்புறம் வேற்றுமை உருபெல்லாம் தேஞ்சு போச்சு, வினைக்கு முன்னாடி இருக்கறவன்தான் எழுவாய்னு எடத்தை வெச்சே அடையாளம் சொல்ற நிலைமை வந்துடுச்சு, 1500 வாக்குல அந்த மாதிரி வாக்கியம் கிட்டத்தட்ட ஒழிஞ்சே போச்சு. இங்கிலீஷ் ஒழுங்கான மொழியா பொறந்து அப்படியே இருக்குன்னு நீங்க எழுதினது இந்த எடத்துல நிக்காது.

சரி, ஏன் அந்த சீட்? அவ நாலஞ்சு பதில் சொன்னா, எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். சூசன் ராத்ஸ்டைன்னு ஒரு அம்மா 1983-ல சொன்னாங்க, பயனிலைங்கறது வாய் திறந்து கிடக்கிற சாக்கு மூட்டை மாதிரி, எழுவாய்ங்கற கயிறு போட்டுக் கட்டினாத்தான் வாக்கியம் ஆகும், உள்ள அரிசி இருக்கோ இல்லையோ கட்டணும். எனக்கு இது பிடிச்சுது, கயிறுக்கு அர்த்தம் வேணாம், கட்டினா போதும், இட் அப்படித்தானே இருக்கு. சாம்ஸ்கி 1995-ல, காலத்தைக் காட்டற உறுப்பு இருக்கில்ல, இறந்தகாலம் நிகழ்காலம், அதுக்கு ஒரு பெயர்ச்சொல் பக்கத்துல வேணும்ங்கற குணம் இருக்குன்னார். 2000-த்துல அந்தக் குணத்துக்கே இபிபின்னு பேர் வெச்சுட்டார். அதாவது ஏன் உக்காரணும்? உக்கார வைக்கிற குணம் இருக்கு, அதனால. எங்க மாமியார்கிட்ட வெள்ளிக்கிழமை ஏன் நகம் வெட்டக்கூடாதுன்னு கேட்டா, வெள்ளிக்கிழமை நகம் வெட்டக்கூடாதுடி, அதனாலதான்னுவாங்க. அவங்க சாம்ஸ்கி பாடம் நடத்தின எம்ஐடி பக்கம் போகல, அவ்ளோதான் வித்தியாசம்.

1998-ல அலெக்ஸியாடு, அனாக்னோஸ்டொபூலுன்னு ரெண்டு பேர், பேரை எழுதறதுக்குள்ள கை வலிக்குது, கிரேக்க மொழியை வெச்சு, கொழுத்த வாலோட இருக்கிற வினையே மேல ஏறி அந்த சீட்டோட தேவையைத் தீர்த்துடுதுன்னாங்க. வந்தேன்-ல ஏனே எழுவாய். தமிழுக்கு இதுதான் பொருத்தமோன்னு எனக்குப் படுது, ஆனா எதிர்வீட்டு சேச்சி ஜன்னல் வழியா வன்னுன்னு சொல்லும்போதெல்லாம் ஆட்டம் காணுது. 2015-ல சாம்ஸ்கியே தட்டை மாத்திப் போட்டுட்டார், இங்கிலீஷோட கால உறுப்பு வீக்கு, தனியா நின்னு தன்னோட தொடர் என்ன வகைன்னு அதுக்குப் பேர் குடுக்க அதால முடியாது, எழுவாய் பக்கத்துல வந்து ரெண்டும் ஒத்துப்போனாத்தான் பேர் கிடைக்கும், இத்தாலியனோடது ஸ்ட்ராங்கு, தனியாவே சமாளிக்கும்னு. நார்வின் ரிச்சர்ட்ஸ்ங்கறவர் 2016-ல, இது அர்த்தமும் இல்ல இலக்கணமும் இல்ல, ஓசை சம்பந்தப்பட்டது, வினை விகுதிக்கு முன்னாடி பிடிச்சுக்க ஏதாவது ஒண்ணு வேணும்னு கொண்டு போறார். எப்ஸ்டைன், சீலின்னு ரெண்டு பேர் 2006-ல அப்படி ஒரு ரூலே வேணாம்னு புத்தகம் போட்டிருக்காங்க. ஃபின்னிஷ்ல எழுவாய்தான் உக்காரணும்னு இல்ல, எடமோ நேரமோ எது வந்து உக்காந்தாலும் சரியாம். இத்தனை பேர் இத்தனை வருஷமா உக்காந்து யோசிச்சும் முடியாததை நீங்க கால் பக்கத்துல சோம்பேறித்தனம்னு முடிச்சுட்டீங்க.

எழுவாய் போட்டு எழுதுங்கன்னு புள்ளைங்களுக்கு சொல்லாதீங்கன்னு நான் சொல்லல. பரீட்சையில மார்க் வேணும், போட்டுத்தான் ஆகணும். நான் இப்போ போர்டுல மொதல்ல காலியா ஒரு பாக்ஸ் போட்டுடறேன். வினை என்ன? அது யாரையாவது கேக்குதா? கேட்டா ஆளைக் கூட்டிட்டு வந்து பாக்ஸ்ல உக்கார வை. கேக்கலையா, கர்ச்சீப் போடு, சும்மா ஏதோ ஒண்ணு இருக்குன்னு சொல்றதா இருந்தா தேர், மத்ததுக்கெல்லாம் இட். ரெண்டே வாரத்துல பிடிச்சுக்கிட்டாங்க, அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா இட்-ன்னா அதுன்னு சொல்லிக் குடுத்துட்டு ஏன்டா விட்டுட்டேன்னு முதுகுல போட்டிருக்கேன், அதை நெனைச்சா இப்போ கஷ்டமா இருக்கு. வர்ற ஞாயிறு அந்த ரெண்டு வரியைத் திருத்திப் போடுங்க, எடம் பத்தலேன்னா இட்-ன்னா அது-வை மட்டுமாவது எடுத்துடுங்க.

அந்தப் பையனுக்கு நேத்து டெஸ்ட் வெச்சேன். மழைக்கு இட் இஸ் ரெய்னிங், சரி. புழுங்குதுக்கு இட் இஸ் சல்ட்ரி, டிக்ஷனரியைப் பார்த்து எழுதியிருக்கான், சரி. மூணாவது எனக்குப் பசிக்குது. பாக்ஸ் போட்டிருக்கான், வினை யாரையும் கேக்கலைன்னு பக்கத்துல குறிச்சிருக்கான், எனக்கு-வைத் தூக்கிப் பின்னாடி வெச்சுட்டு இட் இஸ் ஹங்க்ரி டு மீ-ன்னு எழுதியிருக்கான். நான் சொல்லிக் குடுத்த ரூல்படி ஒரு தப்பும் இல்ல. செவப்பு பேனாவை எடுத்துட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், சுழிக்க கை வரல, அரை மார்க் போட்டேன்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
அல்சூர், பெங்களூரு.